தாமிரத் தகட்டில் பாபநாசம் அருவி: இன்டாலியோ அச்சு எப்படி வேலை செய்யுது?

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த சொற்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோடுக்கு உங்க கையில ஒரு பொருள் வேணும். ஒரு 500 ரூபாய் நோட்டு. யுபிஐ காலத்துல கையில நோட்டு இருக்கான்னு கேக்குறது கொஞ்சம் ஓவர்தான். இல்லைன்னா பக்கத்துல இருக்கவங்ககிட்ட கடன் வாங்குங்க, எபிசோடு முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துடலாம்.

காந்தி படம் இருக்கிற பக்கத்தைத் திருப்புங்க. இடது ஓரத்திலயும் வலது ஓரத்திலயும் சாய்வா ஐந்து கோடு இருக்கும். கண்ணை மூடிக்கிட்டு கட்டைவிரலை அது மேல மெதுவா ஓட்டுங்க. நெருடுதா? நோட்டு புதுசா இருந்தா கண்டிப்பா நெருடும். அப்புறம் காந்தி முகத்துல விரலை வைங்க. அங்கயும் மை கொஞ்சம் மேடா இருக்கும்.

இந்த நெருடல் தற்செயல் இல்ல. பார்வைக் குறைபாடு உள்ளவங்க நோட்டை அடையாளம் காண்றதுக்காகவே வெச்சது. 500-க்கு ஐந்து கோடு, 100-க்கு நாலு கோடு, 200-க்கு நாலு கோடும் நடுவுல ரெண்டு வட்டமும். இந்த மேட்டு மையை உருவாக்குற அச்சு முறைக்குப் பேர்தான் இன்டாலியோ. உள்ளே வெட்டுறதுங்கிற அர்த்தம் உள்ள இத்தாலியச் சொல்லில இருந்து வந்தது.

இது எனக்கு எப்படித் தெரியும்னா, எங்க ஆச்சியால. ஆச்சி விக்கிரமசிங்கபுரத்துல இருக்காங்க, பாபநாசத்துக்குப் பக்கத்துலயே. ரெண்டு கண்ணுலயும் பிரஷர். வெளிச்சமும் நிழலும் தெரியும், பெரிய உருவம் தெரியும், நுணுக்கமா எதுவும் தெரியாது. ஆனா பால்காரருக்குக் காசு கொடுக்கிறப்போ ஒரு தடவைகூடத் தப்பு வராது. விரலால ஓரத்தைத் தடவிப் பார்ப்பாங்க. "புது நோட்டுன்னா சட்டுன்னு தெரிஞ்சிரும்யா. பழசானாத்தான் கோடு தேஞ்சி ஏமாத்திருது"ன்னு சொல்வாங்க.

போன வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ, ஆச்சிகிட்ட போன்ல ஒரு படத்தைக் காட்டினேன். பாபநாசம் அருவி. 1792-ல இங்க வந்த ரெண்டு இங்கிலீஷ்காரங்க பார்த்து வரைஞ்சு, லண்டன்ல அச்சடிச்ச படம். ஆச்சி போனை மூக்குக்கிட்ட வெச்சுப் பார்த்தாங்க. அப்புறம் ஒரு கேள்வி கேட்டாங்க.

"ஏய்யா, சுத்தி கருப்பா இருக்கது பாறைன்னு தெரியுது. நடுவுல வெள்ளையால்லா கெடக்கு? தண்ணிய வரையவே இல்லியா?"

எனக்குப் பதில் தெரியல. சாஃப்ட்வேர்காரனுக்குப் பதில் தெரியலைன்னா என்ன பண்ணுவான்? கூகுள் பண்ணுவான். நானும் பண்ணினேன். அதுல ஆரம்பிச்சு கடைசியில ஒரு செப்புத் தகட்டையும் கொஞ்சம் கெமிக்கலையும் வாங்கி, ஒரு தகட்டை நாசம் பண்ணி, இன்னொண்ணை ஓரளவு உருப்படியாப் பண்ற வரைக்கும் போயிட்டேன். இந்த எபிசோடு முழுக்க ஆச்சி கேட்ட அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

மேடா, பள்ளமா?

அடிப்படையில இருந்து வருவோம். ரப்பர் ஸ்டாம்ப் எல்லாருக்கும் தெரியும். எழுத்து மேடா இருக்கும், மேட்டுல மை ஒட்டும், தாள்ல அழுத்தினா பதியும். மர அச்சு, பழைய ஈய எழுத்து அச்சு, சேலையில பதிக்கிற பிளாக் பிரின்ட் எல்லாமே இதே கதைதான். மேட்டுல மை, பள்ளத்துல ஒண்ணும் இல்ல.

இன்டாலியோ இதுக்கு நேர் எதிர். தகட்டுல கோட்டைப் பள்ளமா வெட்டுவாங்க. தகடு முழுக்க மையைப் பூசுவாங்க. அப்புறம் கஞ்சி போட்ட வலைத்துணியால மேற்பரப்பைத் துடைச்சு எடுப்பாங்க. கடைசியா உள்ளங்கையால ஒரு துடை. இப்போ மேற்பரப்பு பளபளன்னு சுத்தமா இருக்கும், பள்ளத்துக்குள்ள மட்டும் மை தங்கியிருக்கும்.

அந்தப் பள்ளத்துக்குள்ள இருக்கிற மையைத் தாளுக்கு எப்படிக் கொண்டு வர்றது? தாளை முதல்ல ஈரமாக்கணும். ஈரத்தாள் மெத்துன்னு இருக்கும், வளைஞ்சு கொடுக்கும். தகட்டு மேல தாள், தாள் மேல கம்பளி, எல்லாத்தையும் சேர்த்து ரெண்டு இரும்பு உருளைக்கு நடுவுல விட்டுச் சுத்தணும். கரும்புச்சாறு மிஷின் பார்த்திருப்பீங்கல்ல, கிட்டத்தட்ட அதேதான். அந்த அழுத்தத்துல தாள் பள்ளத்துக்குள்ள இறங்கி மையை அள்ளிட்டு வரும். அதனாலதான் அச்சான கோடு தாள் மேல மேடா நிக்குது. உங்க விரல்ல நெருடின கோடு, தகட்டுல ஒரு பள்ளம்.

தகட்டோட விளிம்பும் தாள்ல ஒரு சட்டம் மாதிரி அழுந்தியிருக்கும். தகட்டுத் தடம்னு அதைச் சொல்வாங்க. பழைய அச்சுப் படத்துல ஓரத்தை வெட்டாம இருந்தா இந்தத் தடத்தை வெச்சே இது இன்டாலியோன்னு சொல்லிடலாம்.

செப்பேடும் செப்புத் தகடும்

செம்புல வெட்டுறது நமக்குப் புதுசு இல்லையேன்னு நீங்க கேக்கலாம். உண்மைதான். 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர்களோட வேள்விக்குடிச் செப்பேடு செம்புல வெட்டின எழுத்துதான். ஆனா செப்பேடு, வெட்டினதை அப்படியே படிக்கிறதுக்கானது. அதுல மை தேய்ச்சுத் தாள்ல எடுத்தீங்கன்னா எழுத்தெல்லாம் கண்ணாடியில பார்க்கிற மாதிரி இடவலமா மாறி வரும். அச்சுக்கான தகட்டுல ஆரம்பத்துலயே எல்லாத்தையும் திருப்பி வரையணும். இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, நான் பின்னாடி அசிங்கப்படப் போற இடம் இது.

தகட்டுல பள்ளம் போட ரெண்டு பெரிய வழி இருக்கு. ஒண்ணு, கூரான சிறு உளியால நேரடியா உழுறது. அது எங்ரேவிங். இதுக்கு வருஷக்கணக்கான கைப்பழக்கம் வேணும். ரூபாய் நோட்டு முகங்கள்ல நீங்க பார்க்கிற அந்தத் துல்லியமான வளைகோடுகள் இந்தப் பரம்பரையில வந்தவை.

ரெண்டாவது வழி எட்ச்சிங். இதுல உழுற வேலையை அமிலம் செய்யும். தகடு முழுக்க மெழுகும் தாரும் கலந்த ஒரு பூச்சு. ஊசியால அந்தப் பூச்சை மட்டும் கீறி வரையணும். கிட்டத்தட்ட பேனா பிடிக்கிற மாதிரி லேசான கை போதும். அப்புறம் தகட்டை அமிலத்துல போட்டா, கீறின இடத்துல மட்டும் செம்பு அரிக்கும். ஐரோப்பாவுல முதல்ல போர்க் கவசத்துல பூவேலை போடத்தான் இதைப் பயன்படுத்தினாங்க. 1500 வாக்குல ஜெர்மனியோட ஆக்ஸ்பர்க் நகரத்துல டேனியல் ஹாப்ஃபர்னு ஒரு கவச வேலைக்காரர் அதே வித்தையைத் தாள்ல அச்செடுக்கப் பயன்படுத்த ஆரம்பிச்சார்.

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இது ஏற்கனவே தெரியும். ரெண்டாம் வருஷம் லேப்ல பிசிபி பண்ணியிருப்பீங்க. செம்பு ஒட்டின போர்டுல மார்க்கரால டிராக் வரைஞ்சு ஃபெரிக் குளோரைடுல போடுவோம். மார்க்கர் மை இருக்கிற இடத்துல செம்பு தப்பிக்கும், மத்த இடத்துல கரைஞ்சு போயிடும். இன்னைக்குப் பல அச்சுக் கலைஞர்கள் பயன்படுத்துறதும் அதே ஃபெரிக் குளோரைடுதான். அந்தக் காலத்துல நைட்ரிக் அமிலம். நாலு வருஷப் படிப்புல கையால செஞ்ச ஒரே விஷயம் இங்க உதவும்னு நான் நினைக்கவே இல்ல.

சாம்பல் நிறத்தை எப்படி அச்சடிக்கிறது?

இப்போதான் உண்மையான சிக்கல். கோடு போடலாம், சரி. ஆனா அருவியில மூடுபனி மாதிரி சாரல் இருக்கு. பாறையில பாதி நிழல் இருக்கு. மை ஒரே நிறம், கருப்பு. தாள் ஒரே நிறம், வெள்ளை. நடுவுல இருக்கிற சாம்பல் எங்க இருந்து வரும்?

"அந்த இடத்தை மட்டும் லேசா அரிக்க விட்டா போதுமே"ன்னு எனக்குத் தோணுச்சு. வேலை செய்யாது. அகலமான பள்ளத்துல மை தங்காது, துடைக்கிற துணி அள்ளிட்டுப் போயிடும். வீட்டு வாசல்ல சிமென்ட் தளத்துல தேங்கின தண்ணியை விளக்குமாறு ஒரே தள்ளுல தள்ளிடும். அதே தண்ணி சரளைக்கல் நடுவுல தேங்கியிருந்தா என்ன தள்ளினாலும் போகாது. மை தங்கணும்னா பரப்பு சரளை மாதிரி சொரசொரப்பா இருக்கணும்.

அந்தச் சொரசொரப்பை உண்டாக்குற வித்தைதான் அக்வாடின்ட். பைன் மரப் பிசினை நல்லாப் பொடி பண்ணணும். சால்டரிங் பண்றப்போ ஃப்ளக்ஸ்னு தொடுவோமே, அந்தப் பிசின். மூடின பெட்டிக்குள்ள அந்தத் தூளைப் பறக்க விட்டு, அது மெதுவா இறங்குறப்போ தகட்டை உள்ள வைக்கணும். மாவு சலிச்ச மாதிரி தூள் தகட்டு மேல படியும். அடியில லேசா சூடு காட்டினா ஒவ்வொரு துகளும் உருகிச் செம்புல ஒட்டிக்கும். இப்போ அமிலத்துல போட்டா, துகள் இருக்கிற இடம் தப்பிக்கும், துகளுக்கு நடுவுல இருக்கிற சந்துல மட்டும் அரிக்கும். ஆயிரக்கணக்கான குட்டித் தீவுகள், சுத்தி மை தேங்கிற வாய்க்கால்கள். பிசினை ஸ்பிரிட்ல கரைச்சு ஊத்தி, அது காயுறப்போ வெடிக்கிற வெடிப்புகளைப் பயன்படுத்துற இன்னொரு முறையும் உண்டு. 1760-கள்ல பிரான்ஸ்ல ழான் பாப்டிஸ்ட் லெ ப்ரான்ஸ் இந்த அக்வாடின்ட்டை ஒரு முறையா வளர்த்தார். 1770-கள்ல இங்கிலாந்துல பால் சேண்ட்பி அதைப் பரப்பினார்.

எனக்கு இது புரிஞ்ச நொடியில சிரிப்பு வந்துச்சு. இது டிதரிங்! கருப்பும் வெள்ளையும் மட்டும் காட்டத் தெரிஞ்ச ஸ்கிரீன்ல சாம்பல் நிறத்தைக் காட்ட, புள்ளிகளைத் தூவுவோமே, அதே ஐடியா. பேப்பர்ல வர்ற போட்டோவைக் கிட்டக்க பார்த்தா புள்ளிகள் வரிசையா இருக்கும். அக்வாடின்ட்ல புள்ளிகள் தூள் விழுந்த மாதிரி விழுந்து கிடக்கும், அதனால கண்ணுக்கு இன்னும் மென்மையாத் தெரியும். கம்ப்யூட்டர் வர்றதுக்கு 200 வருஷம் முன்னாடியே ஒருத்தர் பிசின் தூளை வெச்சு இதைத் தீர்த்து வெச்சிருக்கார்.

சரி, ஒரே சாம்பல் கிடைச்சாச்சு. பல சாம்பல் வேணுமே? அதுக்குத்தான் நேரம். எவ்வளவு நேரம் அமிலத்துல இருக்கோ அவ்வளவு ஆழம். எவ்வளவு ஆழமோ அவ்வளவு கருப்பு. எந்த இடம் முழு வெள்ளையா இருக்கணுமோ, அதை வார்னிஷ் பூசி முதல்லயே மூடணும். பிறகு தகட்டைக் கொஞ்ச நேரம் அமிலத்துல போட்டு எடுத்துக் கழுவி, வெளிர் சாம்பல் வேண்டிய இடத்தையும் மூடணும். திரும்பப் போட்டு எடுத்து, அடுத்த சாம்பலை மூடணும். இப்படியே போய், கடைசி வரைக்கும் மூடாம விட்ட இடம்தான் படத்துல கரும் இருட்டு.

அதாவது நீங்க தகட்டுல வரையிறது இருட்டை இல்ல. இதுக்கு மேல இருட்டாகாதேன்னு ஒவ்வொரு இடமா காப்பாத்திக்கிட்டே வர்றீங்க. வெள்ளையைத்தான் முதல்ல காப்பாத்தணும். பின்னாடி ஞாபகம் வந்தா பிரயோஜனம் இல்ல.

ஆச்சியோட கேள்விக்குப் பாதிப் பதில் இப்போ கிடைச்சிடுச்சு. அருவித் தண்ணி, வரையாம விட்ட இடம் இல்ல. அமிலம் தொடாம முதல்ல இருந்தே காப்பாத்தப்பட்ட இடம். அங்க நீங்க பார்க்கிறது மை இல்ல, தாளோட வெள்ளை.

பாபநாசத்துக்கு வந்த சித்தப்பாவும் மகனும்

இப்போ அந்தப் படத்தை உண்டாக்கினவங்க. தாமஸ் டேனியல், அவரோட அண்ணன் மகன் வில்லியம் டேனியல். 1785-ல இங்கிலாந்துல இருந்து கிளம்பறப்போ தாமஸுக்கு 36 வயசு, வில்லியம் 16 வயசுப் பையன். சீனா வழியா சுத்தி 1786-ல கல்கத்தா வந்து சேர்ந்தாங்க.

அங்க தாமஸ் முதல்ல பண்ணினது கல்கத்தா நகரக் காட்சிகள், 12 அக்வாடின்ட் படங்கள். 1788-ல அதை முடிச்சதும் நண்பர் ஒருத்தருக்கு எழுதின கடிதத்துல புலம்பியிருக்கார்: ஓவியனும் நானே, தகடு செதுக்கினவனும் நானே, செம்பு வேலைக்காரனும் நானே, அச்சடிச்சவனும் நானே, அச்சாபீஸ் எடுபிடியும் நானேங்கிற தொனியில. ஸ்டார்ட்அப்ல வேலை பார்த்த யாருக்கும் இந்தக் கடிதம் நல்லாவே புரியும்.

அப்புறம் வட இந்தியா சுத்திட்டு, ஓவியங்களை லாட்டரி முறையில வித்துப் பணம் சேர்த்து, 1792-ல மெட்ராஸ்ல இருந்து தெற்கே கிளம்பினாங்க. திருச்சி, மதுரை, திருநெல்வேலின்னு போன அந்தப் பயணத்துல வரைஞ்சதுதான் பாபநாசம் அருவி. ஸ்பாட்ல பென்சிலும் நீர்வண்ணமும். கேமரா அப்ஸ்க்யூரான்னு, வெளிக்காட்சியை ஒரு இருட்டுப் பெட்டிக்குள்ள தாள் மேல விழ வைக்கிற கருவியும் அவங்ககிட்ட இருந்தது. அதுல விழுற உருவத்து மேல கோடு போட்டா அளவு சரியா வரும்.

1794-ல ஊர் திரும்பி, லண்டன்ல உக்காந்து, 1795-ல இருந்து 1808 வரைக்கும் மொத்தம் 144 அக்வாடின்ட். ஓரியன்டல் சீனரின்னு அந்தத் தொகுப்புக்குப் பேர். அதுல நாலாவது பகுதி 24 நிலக்காட்சிகள், 1807. பாபநாசம் அருவி அதுலதான் வருது. தலைப்புல ஊர் பேரு 'புப்பனாசம்'னும் மாவட்டம் 'தின்னவேலி'ன்னும் இருக்கும். களக்காட்டுப் பக்கத்துல இருந்து பார்த்த ஒரு காட்சியும் அதே பகுதியில இருக்கு, அது 'கல்காட்'. நம்ம ஊர் பேரு அவங்க காதுல எப்படி விழுந்திருக்குன்னு பாருங்க.

படங்களுக்கு வண்ணம் அச்சுல வரல. அச்சான ஒவ்வொரு தாளிலயும் கையால நீர்வண்ணம் பூசினது. அதனால ஒரே தகட்டுல எடுத்த ரெண்டு பிரதி அச்சு அசலா ஒரே மாதிரி இருக்காது. செம்பு மென்மையான உலோகம் வேற. ஒவ்வொரு தடவை துடைச்சு அழுத்தறப்பவும் அந்தக் குட்டித் தீவுகள் கொஞ்சம் தேயும். முதல்ல எடுத்த தாள்ல நிழல் ஆழமா இருக்கும், பின்னாடி எடுத்ததுல வெளிறிப் போகும். ஆச்சி சொன்ன பழைய நோட்டு மாதிரிதான், இங்க தேயறது தகடு.

என் தகடு

சரி, என் கதைக்கு வர்றேன். சென்னையில ஒரு சின்ன ஸ்டுடியோவுல வார இறுதிப் பயிற்சி வகுப்பு. சொல்லிக்கொடுத்த அக்கா முதல் நாளே சொல்லிட்டாங்க, "தம்பி, முதல் தகட்டுல அருவி எல்லாம் வேண்டாம். ஒரு பழம் வரைங்க."

கேட்டேனா? உள்ளங்கை அளவு செப்புத் தகட்டுல பாபநாசம் அருவி. என் போன்ல இருந்த போட்டோவைப் பார்த்து வரைஞ்சேன். கோடெல்லாம் நல்லாத்தான் வந்துச்சு. பிசின் தூவி, சூடு காட்டி, ஆர்வத்துல நேரா அமிலத்துல போட்டுட்டேன். அரை நிமிஷம் ஆனதும்தான் ஞாபகம் வந்துச்சு, வெள்ளையை மூடவே இல்லையே! அருவி முழுக்க அமிலம் கடிச்சிருச்சு. அச்செடுத்துப் பார்த்தா தண்ணி, சாக்கடை மாதிரி சாம்பலா ஓடுது.

கன்ட்ரோல் இசட் இங்க கிடையாது. வழி ஒண்ணு உண்டு: வழவழப்பான இரும்புக் கருவியால அந்த இடத்தை அழுத்தி அழுத்தித் தேய்ச்சு, தீவுகளை எல்லாம் படுக்க வெச்சு மறுபடி பளபளப்பாக்கணும். ரெண்டு மணி நேரம் தேய்ச்சேன். அருவி கொஞ்சம் வெளுத்துச்சு. கை வீங்குச்சு. அதுக்கப்புறம்தான் அக்கா மெதுவா சொன்னாங்க, "தம்பி, படம் இடவலமா மாறியிருக்கே, பரவால்லயா?"

ரெண்டாவது தகட்டுல எல்லாத்தையும் மாத்தினேன். லேப்டாப்ல படத்தைத் திருப்பி வெச்சு வரைஞ்சேன். அருவியை முதல்லயே வார்னிஷால ரெண்டு பூச்சு மூடினேன். அப்புறம் அரை நிமிஷம், ஒரு நிமிஷம், மூணு நிமிஷம், எட்டு நிமிஷம்னு நாலு தடவை. நேரத்தை ஏன் கிட்டத்தட்ட இரட்டிச்சுக்கிட்டே போறோம்னா, நம்ம கண்ணு இருட்டை அப்படித்தான் அளக்குது. ஒவ்வொரு தடவையும் அரை நிமிஷம் மட்டும் கூட்டினா கடைசி ரெண்டு சாம்பலுக்கும் வித்தியாசமே தெரியாது. பாறைக் கோடுகளை மட்டும் அக்காவோட மேற்பார்வையில இன்னும் ரொம்ப நேரம் கடிக்க விட்டேன். அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு.

ஒரு எச்சரிக்கை. இதை வீட்டு பாத்ரூம்ல முயற்சி பண்ணாதீங்க. பிசின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், காத்துல பறக்கிறப்போ தீப்பொறி பட்டா குப்புன்னு பத்திக்கும். பயன்படுத்தின ஃபெரிக் குளோரைடுல கரைஞ்ச செம்பு இருக்கும், அதைச் சாக்கடையில ஊத்தினா மீனுக்கு விஷம். ஆத்துக்குத் தாமிரபரணின்னு பேர் இருக்குங்கிறதுக்காக அதுல தாமிரத்தைக் கரைக்கணும்னு இல்ல.

படத்துல இல்லாதது

ஊருக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி, டேனியல் படத்தை மறுபடி உக்காந்து பார்த்தேன். அச்சு எப்படி நடந்ததுன்னு தெரிஞ்ச பிறகு ஒரு படத்தைப் பார்க்கிறது வேற மாதிரி இருக்கு. இதை நான் அதுவரைக்கும் ஒரு பழைய போட்டோ மாதிரிதான் நினைச்சிருந்தேன். இப்போ எண்ணிப் பார்த்தா, அருவிக்கும் எனக்கும் நடுவுல எத்தனை கை! ஸ்பாட்ல போட்ட பென்சில், பல வருஷம் கழிச்சு வெளிவந்த தகடு, எதை மூடலாம் எதைக் கடிக்க விடலாம்ங்கிற முடிவுகள், அப்புறம் அருவியையே பார்த்திருக்க வாய்ப்பில்லாத யாரோ லண்டன்ல பூசின வண்ணம்.

அந்த இடைப்பட்ட வருஷங்கள்ல இந்தப் பக்கம் என்ன நடந்துச்சுன்னும் யோசிச்சேன். அவங்க வரைஞ்சப்போ பாளையக்காரர்கள் காலம். 1799-ல கயத்தாறுல கட்டபொம்மனைத் தூக்குல போட்டாங்க. 1801-ல பாளையக்காரர் போர் முடிஞ்சு, நாடு முழுசா கம்பெனி கைக்குப் போயிடுச்சு. படம் லண்டன்ல வெளிவர்றப்போ அருவி மட்டும் அமைதியா கொட்டிக்கிட்டு இருக்கு. டேனியல்கள் பொய் சொன்னாங்கன்னு நான் சொல்ல வரல. நிலக்காட்சி வாங்குறவங்களுக்கு நிலக்காட்சி கொடுத்தாங்க. ஆனா ஒரு படத்துல எது காலியா விடப்பட்டிருக்குன்னு கேக்குற பழக்கம் எனக்கு ஆச்சியோட கேள்வியில இருந்து வந்தது.

அருவியும் மாறிடுச்சு. 1940-கள்ல மேலே காரையார்ல அணை வந்தது, மின்சாரம் எடுக்க ஆரம்பிச்சாங்க. அணை நிறைஞ்சா 143 அடின்னு பேப்பர்ல தினம் பார்க்கிறோம். டேனியல்கள் பார்த்தது அணை இல்லாத ஆத்தோட தண்ணி.

சித்திரை விஷுவுக்கு ஊருக்குப் போனேன். ஆச்சி திண்ணையில உக்காந்திருந்தாங்க. தாளைக் கையில கொடுத்து, "ஆச்சி, தொட்டுப் பாருங்க"ன்னேன்.

முதல்ல விரல் தகட்டுத் தடத்துல பட்டுச்சு. "இது ஓரம்." அப்புறம் ஆழமா கடிக்க விட்ட பாறைக் கோடுகள். நோட்டைத் தடவுற மாதிரியே கட்டைவிரலை ஓட்டினாங்க. "இங்கன சொரசொரன்னு இருக்கு." விரல் நடுவுக்கு வந்ததும் நின்னுச்சு. பளபளன்னு மெருகேத்தின செம்பு மேல அழுந்தின தாள் அந்த இடத்துல வழவழன்னு இருக்கும்.

"இதான் தண்ணியா?"

"ஆமா ஆச்சி."

கொஞ்ச நேரம் மேல இருந்து கீழ, மேல இருந்து கீழன்னு தடவிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் சிரிச்சாங்க. "ரொம்பக் கொஞ்சமா விட்டிருக்கியேய்யா. நாங்க சின்னப் பிள்ளைல குளிக்கப் போகும்போ இதைவிட அகலமால்லா விழும்."

அடுத்த தகட்டுல வெள்ளையை இன்னும் அகலமா மூடணும். குறிச்சு வெச்சிருக்கேன்.

ஓரியன்டல் சீனரி படங்களை நேர்ல பார்க்கணும்னா கொல்கத்தா விக்டோரியா மெமோரியல்ல டேனியல்களோட பெரிய சேகரிப்பு இருக்கு. லண்டன் ராயல் அகாடமி தளத்துலயும் தேடிப் பார்க்கலாம். ஒரே தகட்டுல பல வண்ணத்தை, மையோட பிசுபிசுப்பை வெச்சே பிரிச்சு அச்சடிச்ச கிருஷ்ணா ரெட்டின்னு ஒருத்தர் இருந்தார். பாரிஸ் போறதுக்கு முன்னாடி 1940-கள்ல நம்ம கலாக்ஷேத்ராவுல ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். அவர் கதைக்குத் தனி எபிசோடு வேணும், பண்ணுவோம்.

கடன் வாங்கின 500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துடுங்க. கொடுக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கண்ணை மூடி ஓரத்தைத் தடவிப் பாருங்க. கோடு தேஞ்சிருந்தா, அந்த நோட்டை மட்டும் என் ஆச்சி மாதிரி ஒருத்தர் கையில கொடுத்துடாதீங்க. நல்ல நோட்டாப் பார்த்துக் கொடுங்க.